நாபோத்தின் நிலம்: நாசரேத்திலிருந்து ஒரு பயணம்

பிப்ரவரி 11, 2019, திங்கள். நாசரேத்

எங்கள் ஊரின் பெயரும் நாசரேத். தூத்துக்குடி மாவட்டத்தில், பனைகளுக்கும் செம்மண் தேரிக்கும் பக்கத்தில் இருக்கிறது. அந்த ஊருக்குப் பெயர் தந்த நாசரேத்தில் இன்றிரவு படுக்கப்போகிறேன்.

நாங்கள் முப்பத்திரண்டு பேர். பெரும்பாலும் திருநெல்வேலி, தூத்துக்குடிச் சபைகளைச் சேர்ந்தவர்கள். சபைப் போதகரான ஐயர் ஒருவர் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அம்மானில் இறங்கி, ஷேக் ஹுசைன் பாலத்தில் யோர்தானைக் கடந்தோம். யோர்தான் நதி என்று பாட்டுகளில் பாடிப் பாடி மனத்தில் ஒரு தாமிரபரணியை வைத்திருந்தேன். நம் ஊர் வாய்க்கால் அளவுக்குத்தான் தண்ணீர் ஓடுகிறது. அதைப் பார்த்தும் பக்கத்து இருக்கை அக்கா கண்ணீர் விட்டார். நானும்தான்.

எல்லையில் வரிசை நகரவே மாலையாகிவிட்டது. பஸ் மேற்கே போகப் போக இடப்பக்கம் ஒரு மலை கூடவே வந்தது. கில்போவா என்றார் வழிகாட்டி. சவுல் ராஜா விழுந்து செத்த மலை. அது முடிகிற இடத்தில் தாழ்வான ஒரு மேடு இருட்டில் தெரிந்தது. அதுதான் யெஸ்ரயேலா என்று கேட்டேன். ஆமாம் என்றவர், அங்கே பயணிகள் இறங்குவதில்லையே என்றும் சொன்னார்.

நான் வந்ததே அதற்காகத்தான். காரணத்தையும் எழுதிவிடுகிறேன்.

அப்பாவுக்கு அறுபது சென்ட் பனைவிளை இருந்தது. தாத்தா கொடுத்தது. ஊரில் செல்வாக்குள்ள ஒருவர் அதை விலைக்குக் கேட்டார். அப்பா கொடுக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து, அப்பாவே எழுதிக் கொடுத்ததாக ஒரு கிரயப் பத்திரம் வெளியே வந்தது. சாட்சிக் கையெழுத்துப் போட்ட இரண்டு பேரும் எங்கள் தெருக்காரர்கள். எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். அன்றிரவு குடும்ப ஜெபத்தில் அம்மா முதலாம் ராஜாக்கள் 21-ஆம் அதிகாரத்தைத் திறந்து வாசித்தார். எனக்கு அப்போது பதினோரு வயது. இஸ்ரவேலின் ராஜா ஆகாப் கேட்டும் யெஸ்ரயேலிலிருந்த தன் திராட்சைத் தோட்டத்தைக் கொடுக்க மறுத்த நாபோத்தின் பெயரை அன்றுதான் முதலில் கேட்டேன். வழக்கு முன்சீப் கோர்ட்டில் வருடக்கணக்காக இழுத்தது. 1996-இல் அப்பா இறந்தார். அதற்குப் பிறகு வழக்கை நடத்த ஆளில்லை.

பிப்ரவரி 12, செவ்வாய். யெஸ்ரயேல்

காலையில் மங்கள வார்த்தை ஆலயம். பல நாடுகளிலிருந்து வந்த மாதா படங்கள் சுவர்களில் இருக்கின்றன. பிறகு கானா. இரண்டையும் பற்றி நிறையப் பேர் நிறைய எழுதியிருக்கிறார்கள்.

மதியம் ஐயரிடம் போய்க் கேட்டேன். "ஒரு மணி நேரம் போதுமா அம்மா?" என்றார். பஸ் திரும்பியது.

யெஸ்ரயேல் மேட்டில் கோயில் இல்லை, கடை இல்லை, டிக்கெட் இல்லை. பாதையோரப் புல்லில் சிவப்புக் காட்டுப்பூக்கள். கீழே பள்ளத்தாக்கு முழுவதும் பச்சைக் கோதுமை. கிழக்கே யோர்தான் பக்கம் சரிகிற வெளி, மேற்கே தூரத்தில் கர்மேல். அந்தக் கர்மேலிலிருந்து மழைக்கு முன்னால், ஆகாபின் இரதத்துக்கு முன்னால், தீர்க்கதரிசி எலியா இவ்வளவு தூரமும் ஓடி வந்திருக்கிறார். நின்று பார்த்தால்தான் அந்தத் தூரம் புரிகிறது.

1990 முதல் 1996 வரை டேவிட் உசிஷ்கினும் ஜான் உட்ஹெட்டும் இங்கே அகழ்வாய்வு செய்தார்கள். மூலைக்கு மூலை கோபுரம் வைத்த பெரிய மதில், பாறையைக் குடைந்து வெட்டிய அகழி எல்லாம் வெளிப்பட்டன. படைத்தளம் போன்ற இடம். அசீரிய ராஜா மூன்றாம் சல்மனாசார் தன் கல்வெட்டில், கி.மு. 853-இல் கர்க்கார் போரில் தன்னை எதிர்த்து நின்றவர்களைக் கணக்கு எழுதி வைத்திருக்கிறான். அதில் இஸ்ரவேலனான ஆகாபுக்கு இரதங்கள் 2,000, காலாட்கள் 10,000. இவ்வளவும் வைத்திருந்த மனிதன், அரண்மனைக்குப் பக்கத்தில் ஒரு கீரைக்கொல்லை போட இடம் கிடைக்கவில்லை என்று கட்டிலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துச் சாப்பிடாமல் கிடந்தான்.

மேட்டிலிருந்து கீழே, ஊற்றுக்குப் போகிற பக்கம், பாறையில் வெட்டிய பழைய திராட்சை ஆலை ஒன்று இருக்கிறது. 2013-இல் அகழ்வாய்வாளர்கள் அதைச் சுத்தம் செய்து ஆராய்ந்தார்கள். நாபோத்துடையது என்று எவரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் இந்தச் சரிவில் திராட்சை விளைந்திருக்கிறது, இந்த இடத்தில் அதை மிதித்திருக்கிறார்கள். அவ்வளவு நிச்சயம். செருப்பைக் கழற்றிவிட்டு மிதிகளத்தில் இறங்கினேன். பாறை குளிர்ந்திருந்தது. நடுவில் ஓரிடம் கொஞ்சம் குழிந்து, உள்ளங்காலுக்கு வழுவழுப்பாகத் தட்டுப்பட்டது. சாறு இறங்கும் தொட்டியில் மழைத்தண்ணீர் தேங்கி, மேலே ஒரு புல்தண்டு மிதந்துகொண்டிருந்தது.

நம் பழைய தமிழ் வேதாகமத்தில் நாபோத் ராஜாவுக்குச் சொல்லும் பதிலில் ஒரு சொல் வருகிறது: சுதந்தரம். என் பிதாக்களின் சுதந்தரத்தை உமக்குக் கொடேன் என்கிறான். பூர்வீகச் சொத்து என்று பொருள். சிறுவயதில் அதைச் சுதந்திரம் என்றுதான் வாசிப்பேன். அம்மா திருத்துவார். முப்பது வருடம் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றுவிட்டேன், இன்றும் அந்த வசனத்துக்கு வரும்போது என் வாய் சுதந்திரம் என்றே சொல்ல வருகிறது. லேவியராகமம் 25-ஆம் அதிகாரத்தில் தேவன் நிலத்தைப் பற்றிப் பேசுகிறார். நிலம் என்னுடையது, அதை அறுதியாக விற்கக் கூடாது, நீங்கள் என்னிடம் தங்கியிருக்கிறவர்கள். நாபோத்துக்கு அந்தக் கொல்லை விலை பேசுகிற பொருளே அல்ல. அப்பாவும் இதைத்தான் சொன்னார், வசனம் சொல்லாமல்.

ஆகாபின் மனைவி யேசபேல் என்ன செய்தாள் என்பதைக் கையில் வேதாகமத்தோடு அந்தப் பாறையிலேயே உட்கார்ந்து வாசித்தேன். ராஜாவின் பெயரில் கடிதம் எழுதினாள். ராஜாவின் முத்திரையைப் போட்டாள். ஊர் மூப்பருக்கும் பெரியவர்களுக்கும் அனுப்பினாள். அவர்கள் உபவாசம் கூறினார்கள், ஜனத்தைக் கூட்டினார்கள், நாபோத்தை முன்னிலையில் உட்கார வைத்தார்கள். மரணத் தண்டனைக்கு இரண்டு சாட்சி வேண்டும் என்பது மோசேயின் சட்டம். அந்த இரண்டையும் தவறாமல் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தேவனையும் ராஜாவையும் தூஷித்தான் என்று சாட்சி சொல்லி, ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கல்லெறிந்தார்கள். எல்லாம் சட்டப்படி. ஒரு மூப்பரும் இது தகாது என்று வாய் திறந்ததாக அந்த அதிகாரத்தில் இல்லை. எனக்கு யேசபேலைவிட அந்த மூப்பர்கள் மேல்தான் அதிக ஆத்திரம். நாபோத்தை அவர்களுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும்.

நாபோத்தின் பிள்ளைகளின் இரத்தமும் சிந்தப்பட்டது என்பது இந்த அதிகாரத்தில் இல்லை. இரண்டாம் ராஜாக்கள் 9-இல், ஆகாபின் வீட்டை ஒழித்த படைத்தலைவன் யெகூவின் வாயில் வருகிறது. சொத்து வழக்கு பார்த்த குடும்பத்துக்கு அதன் பொருள் உடனே புரியும். வாரிசு இருந்தால் என்றைக்காவது வந்து கேட்பான்.

அந்தக் கொல்லையைச் சொந்தமாக்கிக்கொள்ள ஆகாப் இறங்கி வருகிறான். எலியா அங்கே நிற்கிறார். கொலையும் செய்து எடுத்தும் கொண்டாயோ என்று ஒரே கேள்வி. இதே சரிவில், இப்போது கோதுமையும் காட்டுப்பூவும் இருக்கிற இந்தப் பக்கத்தில் எங்கோ நின்று கேட்டிருக்கிறார்.

அதற்கடுத்த பகுதி எனக்கு வெகுகாலம் பிடிக்கவில்லை. ஆகாப் இரட்டு என்ற சாக்குத்துணி உடுத்தி, தாழ்ந்து நடக்கிறான். உடனே தேவன், இவன் நாளில் அந்தத் தீங்கை வரப்பண்ணேன், இவன் குமாரன் நாளில் வரப்பண்ணுவேன் என்கிறார். எங்கள் பனைவிளையை எடுத்தவர் எண்பது வயதைத் தாண்டி வாழ்ந்தார். அவருடைய அடக்க ஆராதனைக்கு ஊரே திரண்டது. அன்று நான் இந்தப் பகுதியை எடுத்து வைத்துக்கொண்டு தேவனோடு வழக்காடினேன். இன்று அந்தப் பாறையில் உட்கார்ந்து வாசித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. தண்டனையைத் தள்ளிவைத்த தேவன் நாபோத்தின் பெயரை விட்டுவிடவில்லை. யெகூ ஆகாபின் குமாரன் யோராமை வீழ்த்தி, அவன் உடலை எறியச் சொல்லும்போது, நாபோத்தின் வயல்நிலத்திலே எறி என்கிறான். ஆகாப் செத்து இன்னொரு ராஜாவும் போய், அவனுக்குப் பின் வந்தவன் காலத்திலும் அந்த நிலத்துக்கு நாபோத்தின் பெயர்தான். பட்டா மாறவில்லை.

கிளம்பும்போது வழிகாட்டி மேட்டின் உச்சியில் இடிந்து நிற்கும் கோபுரத்தைக் காட்டினார். 1948 வரை இங்கே ஸிரீன் என்ற அரபுக் கிராமம் இருந்தது. அந்த வருடப் போரில் ஜனங்கள் வெளியேற, ஊர் இல்லாமல் போயிற்று. வழிகாட்டி இந்த நாட்டு நாசரேத்தைச் சேர்ந்த அரபுக் கிறிஸ்தவர். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பஸ் நகர்ந்த பிறகும் அந்தக் கோபுரத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

பிப்ரவரி 13, புதன். சமாரியா, பிறகு எருசலேம்

சமாரியா இருக்கும் ஊர் இன்று செபாஸ்தியா. ஏரோது ராஜா அகஸ்துராயனுக்கு மரியாதையாகச் செபஸ்தே என்று மாற்றிய பெயர் அப்படியே தங்கிவிட்டது. குன்று முழுவதும் ஒலிவ மரங்கள். ஆகாபின் தகப்பன் உம்ரி இந்தக் குன்றைச் சேமேர் என்பவனிடம் இரண்டு தாலந்து வெள்ளிக்கு வாங்கினான் என்று வேதம் சொல்கிறது. தகப்பன் காசு கொடுத்து வாங்கினான் என்பதை இதுவரை கவனித்ததில்லை.

அரண்மனையில் மிஞ்சியிருப்பவை அடுக்குக் கற்கள். ஒட்டு மண் இல்லாமல் ஒன்றோடொன்று பொருந்த வெட்டியிருக்கிறார்கள். இங்கே 1930-களில் நூற்றுக்கணக்கான தந்தத் துண்டுகள் கிடைத்தன. மரச்சாமான்களில் பதித்தவை. தந்தக் கட்டில்களில் படுத்துக்கொண்டு பாத்திரம் பாத்திரமாகத் திராட்சரசம் குடிக்கிறவர்களே என்று தீர்க்கதரிசி ஆமோஸ் திட்டியது இந்த ஊர்க்காரர்களைத்தான். தெக்கோவாவிலிருந்து வந்த ஆட்டுக்காரர் அவர்.

என்னை அதிகம் அலைக்கழித்தது அதற்கு முன்பே, 1910-இல், இங்கே கிடைத்த ஓட்டுச்சில்லுகள். உடைந்த பானை ஓட்டில் மையால் எழுதிய வரவுக் குறிப்புகள். ஆகாபுக்குப் பிந்திய காலம், கி.மு. எட்டாம் நூற்றாண்டு. இன்ன ராஜ வருடம், இன்ன ஊரிலிருந்து, இன்னாருக்கு, ஒரு ஜாடி பழைய திராட்சரசம். இன்ன ஊரிலிருந்து, ஒரு ஜாடி சுத்த எண்ணெய். அவ்வளவுதான் வாசகம். சில்லுகள் இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அனுப்பிய ஊர்களின் பெயர்கள் இருக்கின்றன, பெற்ற பெரியவர்களின் பெயர்கள் இருக்கின்றன. மிதிகளத்தில் காலை வைத்து மிதித்தவன் பெயரை எழுதத் தேவைப்படவில்லை. கி.மு. 722 வாக்கில் அசீரியர் வந்து இந்தப் பட்டணத்தைப் பிடித்ததோடு அந்த ராஜ்யமே முடிந்தது.

ஊர் நடுவிலுள்ள பள்ளிவாசலில் யோவான் ஸ்நானனின் கல்லறை என்று ஒன்றைப் போற்றுகிறார்கள். சிலுவைப்போர்க் காலத்து ஆலயத்தின் சுவர்களுக்குள் கட்டிய பள்ளிவாசல். ராஜாவின் முகத்துக்கு நேரே, இது உனக்கு நியாயமல்ல என்று சொன்னதற்காகத் தலை கொடுத்தவர் யோவான். படியிறங்கிப் பார்த்தேன். இரண்டு நிமிடம் அங்கே பேச்சு வரவில்லை.

இரவு எருசலேம் வந்தோம். குளிர் கடுமை.

பிப்ரவரி 14, வியாழன். எருசலேம்

அதிகாலையில் சிலுவைப்பாதை. பிறகு கல்லறை ஆலயம். கூட்டத்தில் நெருக்கிக்கொண்டு போய்க் கல்லைத் தொட்டு வந்தோம். மதியம் மற்றவர்கள் கடைத்தெருவுக்குப் போக, நானும் பக்கத்து இருக்கை அக்காவும் இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்கு டாக்சி பிடித்தோம்.

அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் விரல்நகம் அளவில் ஒரு களிமண் துண்டு. எவ்வளவு நேரம் அதன் முன் நின்றேன் என்று தெரியவில்லை. அக்கா வந்து தோளைத் தொட்டார்.

அது முத்திரை. பழங்காலத்தில் பாப்பிரஸ் தாளில் எழுதி, சுருட்டி, நூல் கட்டி, முடிச்சின் மேல் ஈரக் களிமண் வைத்து மோதிரத்தை அழுத்துவார்கள். ஆகாபின் பெயரில் யேசபேல் போட்டதும் இப்படி ஒன்றைத்தான். 1982-இல் தாவீதின் நகரத்தில் யிகால் ஷிலோ தோண்டியபோது ஒரே வீட்டில் இப்படி 51 முத்திரைகள் கிடைத்தன. கி.மு. 586-இல் பாபிலோனியர் எருசலேமைக் கொளுத்தியபோது அந்த வீடும் எரிந்தது. பாப்பிரஸ் எல்லாம் சாம்பலானது. களிமண் முத்திரைகள் மட்டும் சூளையில் வைத்ததுபோல வெந்து, கெட்டியாகி, நமக்குக் கிடைத்திருக்கின்றன. அதில் ஒன்றில் இருக்கும் பெயர்: சாப்பானின் குமாரன் கெமரியா.

எரேமியா 36-ஆம் அதிகாரத்தில் இந்தப் பெயர் வருகிறது. யோயாக்கீம் ராஜா, கூலி கொடுக்காமல் ஜனங்களிடம் வேலை வாங்கித் தனக்குக் கேதுருப் பலகை பதித்த விசாலமான மாளிகை கட்டிக்கொண்டவன். உன்னை ஒரு கழுதையைப் புதைப்பதுபோலப் புதைப்பார்கள் என்று தீர்க்கதரிசி எரேமியா அவனுக்குச் சொன்னார். எரேமியா சொல்லச் சொல்ல அவருடைய எழுத்தர் பாருக்கு எழுதிய சுருளை, ஆலயத்தில் கெமரியாவின் அறையில்தான் ஜனங்களுக்கு வாசித்தார்கள். பிறகு அது ராஜாவிடம் போயிற்று. குளிர்காலம். முன்னால் கணப்புச் சட்டி எரிந்துகொண்டிருந்தது. மூன்று நாலு பத்தி வாசிக்க வாசிக்க, ராஜா சூரிக்கத்தியால் அதை அறுத்து நெருப்பில் போட்டான். சுருள் முழுவதும் எரியும்வரை போட்டான். எரிக்க வேண்டாம் என்று கெஞ்சியவர்கள் மூன்று பேர். எல்நாத்தான், தெலாயா, கெமரியா.

சுருளை எரித்த ராஜாவின் மாளிகை எங்கே இருந்தது என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள். எரிக்காதே என்றவனின் முத்திரையை நெருப்பே சுட்டு வைத்திருக்கிறது. எழுத்து இன்னும் அழியவில்லை.

கெமரியா என்ன சாதித்தான் என்று யாரும் கேட்கலாம். ராஜா கேட்கவில்லை, சுருள் எரிந்தது, பட்டணமும் எரிந்தது. யெஸ்ரயேலின் மூப்பர்களை நினைத்துக்கொண்டுதான் அந்தக் கண்ணாடியின் முன் நின்றேன். அவர்களில் ஒருவன் இப்படிக் கெஞ்சியிருந்தால்கூட நாபோத் பிழைத்திருக்க மாட்டான். ஆனாலும் அந்த ஒருவன் வேண்டியிருந்தது. எங்கள் தெருவிலும் வேண்டியிருந்தது.

அறைக்கு வந்ததும் எரேமியா 26-ஆம் அதிகாரத்தைத் திரும்ப வாசித்தேன். எரேமியாவைக் கொல்ல வேண்டும் என்று கூட்டம் கத்துகிறது. அப்போது தேசத்தின் மூப்பர்களில் சிலர் எழுந்து, நூறு வருடத்துக்கு முந்திய தீர்க்கதரிசி மீகாவின் வார்த்தையை எடுத்துச் சொல்கிறார்கள். சீயோன் வயலைப்போல உழப்படும் என்று மீகா சொன்னான், எசேக்கியா ராஜா அவனைக் கொன்றானா, கர்த்தருக்குப் பயந்தல்லவா வேண்டிக்கொண்டான்? கெமரியாவைப்போலவே சாப்பானின் குமாரன் என்று சொல்லப்படும் அகீக்காம் துணை நின்றதால் எரேமியா உயிர் தப்பினார். வாய் திறந்த மூப்பர்களும் இருந்திருக்கிறார்கள். இவர்களை இத்தனை நாள் எப்படி விட்டேன்!

பிப்ரவரி 15, வெள்ளி. பெத்லகேம்

பிறப்பின் ஆலயத்துக்கு இருக்கும் வாசல் மிகச் சிறியது. குனிந்துதான் போக வேண்டும். முழங்கால் வலிக்கார அக்காவைக் கைப்பிடித்து உள்ளே கொண்டுபோனேன்.

ஐயர் மீகாவின் ஐந்தாம் அதிகாரத்தை வாசித்தார். யூதேயாவின் ஆயிரங்களில் சிறிய பெத்லகேமிலிருந்து ஆளப்போகிறவர் வருவார் என்ற பகுதி. எல்லோரும் கிறிஸ்துமஸுக்குக் கேட்கும் வசனம். அதே மீகாதான் இரண்டாம் அதிகாரத்தில், படுக்கையிலேயே திட்டம் போட்டு விடிந்ததும் அடுத்தவன் வயலைப் பறிக்கிறவர்களைச் சபிக்கிறார். மூன்றில், பரிதானம் வாங்கி நியாயம் தீர்க்கும் தலைவர்களையும், என் ஜனத்தின் சதையைத் தின்று எலும்பை முறிக்கிறீர்கள் என்று அதிபதிகளையும் கேட்கிறார். நான்கில், அவனவன் தன் தன் திராட்சச்செடியின் நிழலிலும் அத்திமரத்தின் நிழலிலும் பயப்படுத்துவார் இல்லாமல் உட்காருவான் என்கிறார். மொரேசா என்ற ஊரைச் சேர்ந்தவர். மேசியாவின் நாளை நினைத்தபோது அவருக்குத் தங்கத் தெரு தோன்றவில்லை. பறிபோகாத கொல்லை தோன்றியிருக்கிறது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பஸ் ஹெப்ரோன் சாலையில் கொஞ்சத் தூரம் போய் நின்றது. கல் அடுக்கிய வரப்புகளுக்குள் திராட்சைத் தோட்டங்கள். வாதுமை மரங்கள் இலை விடும் முன்னே வெள்ளையாய்ப் பூத்து நின்றன. ஒரு பெரியவர் கவாத்து செய்துகொண்டிருந்தார். கொடியைப் பிடித்து, இரண்டு கணு விட்டு, வெட்டினார். வெட்டியதைக் கட்டுக்கட்டாக வரப்பின் மேல் வைத்தார். வழிகாட்டி மூலம் கேட்டேன், யார் நட்டது என்று. என் தாத்தா நட்டார் என்று தரையைக் காட்டினார். எங்களை உட்காரச் சொல்லி, இஞ்சிபோல ஏதோ மணக்கும் தேநீர் கொடுத்தார்.

பந்தலின் கீழே ஒரு கல்லில் உட்கார்ந்தேன். தலைக்கு மேலே வெறும் கொடிகள், வெட்டிய முனைகள், அதற்கு மேல் வானம். நிழல் இன்னும் இல்லை. தளிர் விடப் பங்குனி கடைசி ஆகும் என்றார்.